அறிவித்தலை மறைத்தால் அனுமதி மறுத்ததாகுமா?

லண்டனில் இருக்கும் என் தம்பி சென்ற நோன்பு காலத்தில் ஒரு நாள் அழைப்பெடுத்தான். நம் பகுதிச் செய்திகளை வெளியிடும் ஓர் இணையத்தளத்தில் ஜனாஸா அறிவித்தல் ஒன்றைப் பார்க்க வட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் திறந்திருக்கிறான். செய்திக்கு முன்னால் ஒரு பெட்டி வந்து திரையை மறைத்துக்கொண்டதாம். நாங்களும் எங்கள் கூட்டாளி நிறுவனங்களும் உங்கள் தொலைபேசியில் குக்கீகளை வைக்கலாமா, உங்களைப் பற்றிய தகவல்களைச் சேர்க்கலாமா என்று அது கேட்டிருக்கிறது. "மௌத்துச் செய்தி பார்க்கவும் இவங்களுக்குச் சம்மதம் சொல்லணுமா காக்கா?" என்று அலுத்துக்கொண்டான்.

அதே இணைப்பைக் காத்தான்குடியில் என் கைத்தொலைபேசியில் திறந்தேன். எந்தப் பெட்டியும் வரவில்லை. நேரடியாகச் செய்தியும், பக்கத்தில் விளம்பரங்களும் வந்தன. "உங்களுக்கு நிம்மதி" என்றான் தம்பி.

அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு விசாரித்து வாசித்துப் பார்த்ததில் விடயம் தலைகீழாக இருந்தது. அவனிடம் அனுமதி கேட்கிறார்கள். என்னிடம் கேட்கவே இல்லை. கேட்காததால் என் தகவல் எடுக்கப்படவில்லை என்று அர்த்தமல்ல. இந்தத் தொல்லைப் பெட்டிகளை வராமலே மறைத்துவிடும் பிரௌசர்களும் இப்போது வந்துவிட்டன. அவற்றைப் போட்டுக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது எவ்வளவு தூரம் சரி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குக்கீ என்பது என்ன?

இணையத்தளங்களுக்கு இயல்பாக ஞாபகசக்தி கிடையாது. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்து அடுத்த பக்கத்துக்குப் போனால், இரண்டும் ஒரே ஆள்தானா என்று அந்தத் தளத்துக்குத் தெரியாது. இதற்குத் தீர்வாக 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுலி என்ற பொறியியலாளர் குக்கீயை உருவாக்கினார். சைக்கிள் நிறுத்துமிடத்தில் தரும் இலக்கத் துண்டைப் போன்றது அது. தளம் ஒரு சிறு குறிப்பை உங்கள் பிரௌசரில் வைக்கிறது. நீங்கள் மீண்டும் வரும்போது பிரௌசர் அந்தக் குறிப்பைக் காட்டுகிறது. மின்னஞ்சலுக்குள் ஒருமுறை நுழைந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் கடவுச்சொல் கேட்காமல் இருப்பது இதனால்தான். இந்த வகைக் குக்கீயில் பெரிய தீங்கு இல்லை.

பிரச்சினை மூன்றாந் தரப்புக் குக்கீயில் இருக்கிறது. காத்தான்குடி பிரதான வீதியில் ஒரு புடைவைக் கடைக்குப் போகிறீர்கள். முதலாளி உங்களை அடையாளம் கண்டு, போன பெருநாளைக்கு என்ன வாங்கினீர்கள் என்று நினைவு வைத்திருந்தால் அது வியாபாரம். ஆனால் அந்தக் கடையின் மூலையில் கொப்பியும் பேனையுமாக ஓர் அந்நியர் உட்கார்ந்திருக்கிறார். அடுத்து நீங்கள் போகும் பார்மசியிலும் அவரே இருக்கிறார். நகைக்கடையிலும், புத்தகக் கடையிலும் அவரே. நீங்கள் எங்கே போனீர்கள், எதைப் பார்த்தீர்கள், எந்த மருந்தை விசாரித்தீர்கள் என்று எல்லாவற்றையும் ஒரே கொப்பியில் எழுதுகிறார். விளம்பர நிறுவனங்கள் பல்லாயிரம் இணையத்தளங்களில் தமது சிறு நிரல்களை வைத்து இப்படித்தான் ஒரே வாசகரைத் தளத்துக்குத் தளம் பின்தொடர்கின்றன.

பெட்டி ஏன் லண்டனில் வருகிறது?

ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் இணையத் தனியுரிமைக்கென ஒரு பணிப்புரையைக் கொண்டுவந்து, 2009இல் அதைத் திருத்தியது. அவசியமற்ற குக்கீயை வைப்பதற்கு முன் பயனரின் சம்மதம் பெறவேண்டும் என்பது அந்தத் திருத்தத்தின் சாரம். 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, சம்மதம் என்றால் என்ன என்பதை இறுக்கமாக வரையறுத்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஒக்டோபர் 1 அன்று 'பிளனட்49' என்ற நிறுவனம் தொடர்பான வழக்கில், முன்கூட்டியே 'சரி' குறியிட்டு வைத்த பெட்டி சம்மதமாகாது என்று தீர்ப்பளித்தது. பயனர் தானாகச் செயற்பட்டு இணங்கினால்தான் அது சம்மதம்.

சம்மதிக்க ஓர் அழுத்தல் போதும், மறுக்கப் பல அழுத்தல்கள் வேண்டும் என்று பெட்டிகளை வடிவமைத்ததற்காக பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு கூகுளுக்கு 150 மில்லியன் யூரோவும் பேஸ்புக்குக்கு 60 மில்லியன் யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது.

ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பின்னரும் பிரித்தானியா இதே விதிகளைத் தன் சட்டமாக வைத்திருக்கிறது. ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் உள்ள வாசகருக்குத் தன் விளம்பரங்களைக் காட்டும் தளங்கள், தான் அங்கீகரித்த சம்மதப் பெட்டியைப் பயன்படுத்த வேண்டும் என்று 2024 ஜனவரி 16 முதல் கூகுளும் கட்டாயப்படுத்தியது. நம்மவர் ஒருவர் மட்டக்களப்பில் இருந்து நடத்தும் தளம் என்றாலும் லண்டனில் திறந்தால் பெட்டி வருவது இதனால்தான். ஏறாவூரிலோ ஓட்டமாவடியிலோ திறப்பவருக்கு அதைக் காட்டும்படி கூகுளின் அந்த நிபந்தனை கேட்கவில்லை.

மறைத்தல் வேறு, மறுத்தல் வேறு

பெட்டிகள் பெருகியதும் மக்கள் சலித்துப்போனார்கள். வாசிக்காமலே 'அக்செப்ட் ஓல்' என்பதை அழுத்தப் பழகிவிட்டார்கள். இந்தச் சலிப்புக்குப் பதிலாகப் பல கருவிகள் வந்தன. எல்லாம் ஒரே வேலையைச் செய்வது போலத் தோன்றினாலும் அவை செய்வது மூன்று வெவ்வேறு காரியங்கள்.

முதலாவது மறைத்தல். பிரேவ் பிரௌசர் 2022இல் சம்மதப் பெட்டிகளைத் தடுத்து மறைக்கும் வசதியைச் சேர்த்தது. சம்மதமும் சொல்லாமல், மறுப்பும் சொல்லாமல் பெட்டியை அகற்றிவிடுவது இந்த வழி.

இரண்டாவது மறுத்தல். பயர்பொக்ஸ் பிரௌசர் 2023 நவம்பரில், முதலில் ஜேர்மனியில், தனிப்பட்ட சாளரங்களில் திறக்கும் தளங்களின் பெட்டிகளில் தானாகவே மறுப்பை அழுத்தும் வசதியைக் கொண்டுவந்தது. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'கன்சென்ட் ஓ மெட்டிக்' என்ற இணைப்புக் கருவி, உங்கள் விருப்பத்தை ஒருமுறை கேட்டுவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியையும் அதன்படி உங்களுக்காக நிரப்புகிறது.

மூன்றாவது, நமக்குத் தெரியாமலே ஏற்றல். 'ஐ டோன்ட் கேர் அபவுட் குக்கீஸ்' என்று பிரபலமான ஓர் இணைப்புக் கருவி உண்டு. பெரும்பாலும் அது பெட்டியை மறைக்கும். தளம் இயங்குவதற்குத் தேவைப்பட்டால் உங்கள் சார்பில் சம்மதத்தை அழுத்திவிடும். எல்லாவற்றுக்குமா, அவசியமானவற்றுக்கு மட்டுமா என்பது எது இலகுவோ அதைப் பொறுத்தது. கருவியின் விளக்கத்திலேயே இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எத்தனை பேர் விளக்கத்தை வாசித்துவிட்டு நிறுவுகிறார்கள்?

பெட்டியை வெறுமனே மறைத்தால் என்ன நடக்கும் என்பது நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய விதியின்படி மௌனம் சம்மதமல்ல. பெட்டி மறைக்கப்பட்டு நீங்கள் எதையும் அழுத்தாவிட்டால், சட்டத்தை மதிக்கும் தளம் உங்களைப் பின்தொடரக் கூடாது. அங்கே மறைத்தலும் ஏறக்குறைய மறுத்தலாகிவிடுகிறது. நம் நாட்டில் அப்படியல்ல. இங்கே பெட்டி வந்தாலும் வராவிட்டாலும், மறைத்தாலும் மறைக்காவிட்டாலும், கொப்பியும் பேனையுமாக இருப்பவர் எழுதிக்கொண்டே இருக்கலாம்.

பிரேவ் பயன்படுத்துபவருக்கு இங்கும் பாதுகாப்புக் கிடைப்பது பெட்டியை மறைப்பதால் அல்ல. அந்தப் பிரௌசர் மூன்றாந் தரப்புக் குக்கீகளையும் பின்தொடரும் நிரல்களையும் தனியாகத் தடுப்பதால்தான். பெட்டியை மட்டும் மறைக்கும் கருவியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர், கேள்வி கேட்கும் வாயை மூடிவிட்டுக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்.

என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

இப்படிக் கேட்பவர்களுக்கு நம் சமூகத்தை நேரடியாகத் தொட்ட ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 'முஸ்லிம் புரோ' தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் செயலி. உலகெங்கும் 98 மில்லியனுக்கும் அதிகமான தடவைகள் தரவிறக்கப்பட்டதாக 2020இல் சொல்லப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் 'மதர்போர்ட்' செய்தித்தளம் ஓர் அறிக்கையை வெளியிட்டது. அந்தச் செயலி பயனர்களின் இருப்பிடத் தரவை எக்ஸ்மோட் என்ற தரவு வியாபார நிறுவனத்துக்கு அனுப்புகிறது, அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்களும் இருக்கிறார்கள் என்பதே அது. இராணுவத்துக்குத் தரவை விற்றதாகச் சொல்வதைச் செயலியின் நிறுவனம் மறுத்தது. ஆனாலும் எக்ஸ்மோட்டுடனான தொடர்பை உடனே துண்டித்தது. 2021 ஜனவரியில் 'ஸலாத் பெர்ஸ்ட்' என்ற இன்னொரு தொழுகை நேரச் செயலியும் இருப்பிடத் தரவை ஒரு தரவு வியாபார நிறுவனத்துக்குக் கொடுத்ததாக அதே செய்தித்தளம் எழுதியது. 2024 ஜனவரியில் அமெரிக்க கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, வணக்கத்தலங்கள் போன்ற உணர்திறன் மிக்க இடங்களுக்கு ஒருவர் போய்வந்ததைக் காட்டும் தரவை எக்ஸ்மோட்டும் அதன் வழிவந்த அவுட்லொஜிக் நிறுவனமும் விற்பதைத் தடைசெய்தது.

இது குக்கீ வழியாக நடந்ததல்ல. செயலிக்குள் பதிக்கப்பட்ட நிரல் வழியாக நடந்தது. ஆனால் அடிப்படை ஒன்றுதான். பஜ்ருத் தொழுகைக்கு நேரம் பார்க்கத் திறந்த செயலி தன் இருப்பிடத்தை மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கும் என்று தெரிந்து எத்தனை பேர் சம்மதித்திருப்பார்கள்? எல்லாமே யாரும் வாசிக்காத நீண்ட நிபந்தனைகளுக்குள் அடங்கிவிட்டது.

சாதாரணமாகத் தோன்றும் தகவல் வேறொருவர் கையில் என்னவாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே கசப்பான பாடம் உண்டு. 1983 ஜூலையில் தமிழ் மக்களின் வீடுகளைத் தேடிப்போன கும்பல்களிடம் வாக்காளர் இடாப்புகள் இருந்ததை அந்தக் காலத்தைப் பற்றி எழுதிய பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். வாக்களிப்பதற்காகத் தயாரிக்கப்பட்ட பட்டியல் அது. அதில் பெயர் கொடுத்தவர் எவரும் அப்படியொரு பயன்பாட்டைக் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். ஒரு நோக்கத்துக்காகச் சேர்த்த தகவலை இன்னொரு நோக்கத்துக்கு எடுக்கக் கூடாது என்ற விதி, பெரும்பான்மையினரை விடச் சிறுபான்மையினருக்கே அதிகம் தேவை.

நமது சட்டம் எங்கே நிற்கிறது?

இலங்கையில் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 மார்ச் 19 அன்று சபாநாயகரால் சான்றுப்படுத்தப்பட்டது. நல்ல சட்டம். சம்மதம் சுயவிருப்பமானதாக, குறிப்பானதாக, விளங்கிக்கொண்டு கொடுத்ததாக, எழுத்தாலோ தெளிவான செயலாலோ காட்டப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. இருப்பிடத் தரவும் இணையவழி அடையாளக் குறிகளும் தனிப்பட்ட தரவு என்ற வரைவிலக்கணத்துக்குள் வருகின்றன. சமய நம்பிக்கை, இனம், உடல்நலம் பற்றிய தரவுகளும் பிள்ளைகளின் தரவுகளும் விசேட வகையில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரே சம்மதம் தரவேண்டும். சட்டத்தை மீறும் நிறுவனத்துக்கு ஒரு மீறலுக்கு 1 கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்கலாம்.

ஆனால் தரவைக் கையாள்பவர்களின் கடமைகளையும் நமது உரிமைகளையும் சொல்லும் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 அன்று நடைமுறைக்கு வரவிருந்த நிலையில், கடைசி நேரத்தில் ஒத்திவைக்கப்பட்டன. பின்னர் சட்டமும் திருத்தப்பட்டது. குக்கீக்கென்று தனியான ஏற்பாடு சட்டத்தில் இல்லை.

ஐரோப்பாவைப் பார்த்து நாமும் பக்கத்துக்குப் பக்கம் பெட்டி வைத்தால், நம் மக்களும் வாசிக்காமல் அழுத்தப் பழகுவார்கள். அதைவிட நல்ல வழி இருக்கிறது. என் தரவை விற்காதே, பகிராதே என்று பிரௌசரே ஒவ்வொரு தளத்துக்கும் அறிவிக்கும் 'குளோபல் பிரைவசி கண்ட்ரோல்' என்ற சமிக்ஞை அது. பிரேவும் பயர்பொக்ஸும் அதை அனுப்பக்கூடியவை. கலிபோர்னியா மாநிலத்தில் அதற்குச் சட்ட வலு உண்டு. அந்தச் சமிக்ஞையை மதிக்கவில்லை என்பதையும் ஒரு காரணமாகக் கொண்ட வழக்கில் 'செபோரா' என்ற அழகுப் பொருள் நிறுவனம் 2022இல் 1.2 மில்லியன் டொலர் செலுத்த இணங்கியது. நம் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை விதிகளை வகுக்கும்போது இதையும் சேர்க்க வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. ஒருமுறை சொன்ன 'இல்லை' எல்லா இடத்திலும் செல்லுபடியாக வேண்டும்.

கதவில் நின்று கேட்பது

மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும் ஒழுக்கத்தைச் சிறு வயதிலேயே ஓதிப் படித்தவர்கள் நாம். சூரா அந்நூரின் 27, 28ஆம் வசனங்கள் அனுமதி கேட்டு ஸலாம் சொல்லி நுழையும்படி கற்பிக்கின்றன. திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும். வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் அனுமதி கிடைக்கும்வரை நுழையக் கூடாது. அதாவது, பதில் வராத வீடு திறந்த வீடல்ல. மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால் திரும்பிவிடும்படி ஹதீஸில் வருகிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் சொன்ன விடயம் நமக்குப் புதியதல்ல.

இன்றே செய்யக்கூடியவை

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பின்வருவனவற்றைச் செய்யப் பத்து நிமிடம் போதும்.

ஒன்று, குரோம் பயன்படுத்துபவர்கள் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் 'தேர்ட் பார்ட்டி குக்கீஸ்' என்பதைத் தடுக்கலாம். அரிதாகச் சில தளங்களில் உள்நுழைவதில் சிக்கல் வரும். அப்போது அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். சபாரி 2020 முதல் இவற்றை இயல்பாகவே தடுக்கிறது. பயர்பொக்ஸ் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் அந்தத் தளத்துக்குள்ளேயே அடைத்து வைக்கிறது.

இரண்டு, பெட்டி வந்தால் மறுக்கும் தெரிவைத் தேடுங்கள். பெட்டியை அகற்றும் கருவியை நிறுவுவதானால், அது மறைக்கிறதா, மறுக்கிறதா, ஏற்கிறதா என்பதை முதலில் வாசியுங்கள்.

மூன்று, தொழுகை நேரச் செயலிக்கு இருப்பிட அனுமதியை நிறுத்திவிட்டு, ஊரின் பெயரைக் கையால் தெரிவு செய்யுங்கள். நேரம் மாறப்போவதில்லை. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா வெளியிடும் நேர அட்டவணை சுவரில் தொங்கினால் அது யாரையும் பின்தொடராது.

நான்கு, ஆண்ட்ரொய்ட் தொலைபேசியில் பிரைவசி பகுதியின் கீழுள்ள 'அட்ஸ்' என்ற இடத்தில் விளம்பர அடையாள இலக்கத்தை நீக்கிவிடுங்கள். செயலிகள் உங்களைத் தொடர்ந்து அடையாளம் காண்பதற்குப் பயன்படுத்தும் இலக்கம் அது.

நம் கையில் இருக்கும் கொப்பி

கூகுளையும் அமெரிக்காவையும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. நம் ஊர்ச் செய்தித்தளங்களைப் பெரும்பாலும் தனிநபர்கள் ஓய்வு நேரத்தில் நடத்துகிறார்கள். விளம்பர வருமானம் இல்லாமல் அவற்றை நடத்த முடியாது என்பது நியாயம். ஆனாலும் வாசகரின் பழைய தேடல்களை வைத்துத் தெரிவு செய்யாத பொது விளம்பரங்களைக் காட்டும் தெரிவு கூகுளின் சேவையிலேயே இருக்கிறது. லண்டன் வாசகரிடம் கேட்கும் அனுமதியை ஓட்டமாவடி வாசகரிடமும் கேட்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

பாடசாலையில் நாங்களும் இதே தவறைச் செய்கிறோம். பிள்ளைகளின் பெயர், பெற்றோரின் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் கூகுள் போமில் கேட்டு வாங்கி, அந்தப் பட்டியலை அப்படியே வட்ஸ்அப் குழுவில் போட்ட ஆசிரியர்களில் நானும் ஒருவன். யாரும் முறைப்பாடு செய்யவில்லை. யாரிடமும் நான் அனுமதி கேட்கவுமில்லை. பள்ளிவாசலுக்கு ஸகாத் கேட்டு விண்ணப்பித்தவர்களின் பட்டியல், உலருணவுப் பொதி வாங்கியவர்களின் படம், புலமைப்பரிசில் பெற்ற பிள்ளையின் வீட்டு முகவரி என்று நம் நிறுவனங்கள் முகநூலில் போடுபவற்றை எண்ணிப் பாருங்கள். கஷ்டத்தில் கைநீட்டிய ஒரு தாய் அந்தப் படத்துக்குச் சம்மதித்தாரா, அல்லது மறுத்தால் பொதி கிடைக்காது என்று மௌனமாக நின்றாரா?

பிறர் தந்த தகவல் நம்மிடம் அமானிதம். இந்தத் தவணை ஆரம்பத்தில் என் வகுப்புக்கான படிவத்திலிருந்து தேவையில்லாத நான்கு கேள்விகளை நீக்கினேன். மீதிக் கேள்விகள் எதற்காக, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பேன் என்று மேலே மூன்று வரி எழுதினேன். இரண்டு பெற்றோர் தொலைபேசி இலக்கத்தைத் தர விரும்பவில்லை என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன். வகுப்பு வழமைபோல நடக்கிறது.